இடது கண்ணின் துளி

என் தங்கையின் வேலை சொரூபங்களுக்கு, அதாவது கிறிஸ்தவக் கோவில் சிலைகளுக்குக் கண் வைப்பது. பட்டறையில் அவளைக் கண்ணுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டர் சொரூபம் காய்ந்து, உப்புத்தாளில் தேய்பட்டு, தோல் நிறமும் உடுப்பின் நிறமும் ஏறிய பிறகு கடைசியாக அவள் மேசைக்கு வரும். முதலில் கருவிழி, அதன் நடுவே மணி, பிறகு இமைக்கோடு. எல்லாம் முடிந்ததும் மிக மெல்லிய தூரிகையின் நுனியால் மணியின் மேல் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுவரை அது பொம்மை. புள்ளி விழுந்ததும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

புள்ளி வைக்கும்போது அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். என்னவென்று ஒருமுறை கேட்டேன்.

"இது முன்னாடி யார் வந்து நிக்கிறாங்களோ, அவங்களப் பாத்துக்கோங்க ஆண்டவரேன்னு சொல்றேன். வேறென்ன சொல்ல, எனக்கு என்ன லத்தீனா தெரியும்?"

அவள் கணவன் காய்ச்சலில் இறந்தபோது பையனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவனையும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். மேசைக்கடியில் பிளாஸ்டர் துண்டுகளோடு விளையாடுவான். பசித்தால் அழமாட்டான், எழுந்து வந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுப்பான். "அடேய், கண்ணு கோணிட்டா முதலாளி நம்ம ரெண்டு பேரையும் அச்சுல போட்டு ஊத்திடுவார்டா" என்பாள். அதற்கும் சிரிப்பான். வாலு என்று பெயர் விழுந்தது. வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் வாலுதான்.

உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டும் வேலை அவனுக்கு. இருபத்திரண்டாவது வயதில் சாரத்திலிருந்து விழுந்தான். உடனே போகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண் திறந்திருந்தது, பார்வை எங்கும் நிற்கவில்லை. தங்கை கட்டிலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் போய், அவன் பார்வை விழும் இடம் எதுவோ அங்கே தன் முகத்தைக் கொண்டுபோய் வைப்பாள். "வாலு, இங்க பாருடா." டாக்டர் அவளைத் தனியே அழைத்து, "கண்ணு திறந்திருக்கிறதால பாக்கிறார்னு அர்த்தம் இல்லம்மா" என்றார். கீழே ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில் இருந்த சொரூபம் அவள் கண் வைத்ததுதான். தினமும் அதன் முன்னால் போய் நின்று, "ஒரு தடவ பாரும், போதும்" என்று கேட்டாள். ஒரு காலையில் நர்ஸ் வந்து போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வைத்த கண்கள் எல்லாம் ஒரே மாதிரி வந்தன. ஒரு கோவிலிலிருந்து சொரூபத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விளக்கணைக்கப் போகிறவர் பயப்படுகிறாராம். முதலாளி அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோடு சரி, அளவு சரி. என்ன கோளாறுன்னே புரியலையே?"

"திறந்திருக்கு முதலாளி. பாக்க மாட்டேங்குது" என்றாள்.

தூரிகையை அவளே கழுவி வைத்துவிட்டு உப்புத்தாள் போடும் இடத்துக்கு மாறிக்கொண்டாள். பூசைக்குப் போவாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், உதடு அசையாது.

கோவிலை ஒட்டிய தியான இல்லத்தில் ஒரு சிஸ்டர் இருந்தார். என் தங்கையைவிடப் பத்து வயது இளையவர். ஆன்ம வழிகாட்டியாக இருக்கப் படித்தவர். ஆனால் அதிகம் பேசமாட்டார். அவரிடம் அவளை நான்தான் அழைத்துப் போனேன்.

"எனக்கு ஜெபம் வரல சிஸ்டர்."

"வரலைன்னா விடுங்கக்கா. நடக்க வருமா?"

"கால் இருக்கு."

"கையும் இருக்கில்ல? அது ரெண்டும் போதும். வாயைத் தொந்தரவு பண்ண வேண்டாம்."

சிஸ்டர் ஆண்டுதோறும் ஒரு சிறு கூட்டத்தை மலைமேல் உள்ள ஒரு திருத்தலத்துக்கு நடத்திக் கூட்டிப் போவார். ஐந்து நாள் நடை. பகலில் மௌனம். மாலையில் தங்கும் இடத்தில் களிமண், நூல், காகிதம் எல்லாம் விரித்து வைப்பார். கைக்கு வந்ததைச் செய்ய வேண்டும். அன்றைய ஜெபம் அதுதான். அந்த மலைச் சொரூபத்தின் இடது கண்ணில் ஒரு கண்ணீர்த் துளி நிற்கிறது என்பதற்காகவே சனங்கள் போனார்கள். படம் எடுக்க அங்கே அனுமதியில்லை. வெளியே விற்ற படங்களில் ஓவியன் தன் இஷ்டத்துக்குத் திராட்சை அளவில் துளி போட்டிருந்தான்.

புறப்படும்போது தங்கை என்னிடம் சொன்னாள்: "அழுற கண்ணுன்னா பாக்கத் தெரிஞ்ச கண்ணா இருக்கும்ணே. அது ஒரு தடவ என்னப் பாத்துட்டா, நான் மறுபடி கண்ணு வைப்பேன். ஜெபமும் வரும்னு தோணுது. பாக்கலைன்னா எனக்கு வேற வழி இல்ல."

நானும் கூடப் போனேன். ஒரு பேக்கரிக்காரரும் வந்தார். மௌன நேரம் முடிந்ததும் முதல் ஆளாக அவர்தான் வாய் திறப்பார். "மோட்சத்துக்கு பஸ் விட்டிருந்தா நின்னுக்கிட்டாவது போயிருப்பேன்" என்று பாதத்தைத் தேய்ப்பார். களிமண்ணை எடுத்தால் அவர் கையில் பன்தான் வரும். என் தங்கை, "நாள் முழுக்க பண்ற வேலைதான் ரெண்டு பேருக்கும் இங்கயும்" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கை அது.

அவள் தினமும் ஒரு முகம் செய்வாள். கண் இருக்காது. முடிந்ததும் அமுக்கி மறுபடி உருண்டையாக்கிவிடுவாள். நான்காம் மாலை அவள் கட்டைவிரலால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி அழுத்தினாள். அழிக்காமல் ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். அதைக் கண்ட சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கும் நம்பிக்கை வந்தது.

மறுநாள் மலையில் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற பெண் சொரூபத்தைப் பார்த்ததும், "பாத்துட்டார், என்னப் பாத்துட்டார்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என் தங்கையின் முறை. அவள் அழவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, வேலை சரிபார்ப்பவள்போல் நெருங்கிப் பார்த்தாள். "நகருங்கம்மா" என்று காவலாள் இரண்டு முறை சொன்னார். நான் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். சிஸ்டர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னக்கா?"

"அது நான் வச்ச கண்ணு சிஸ்டர்."

சிஸ்டருக்குப் புரியவில்லை.

"வாலுக்கு அப்ப நாலு வயசு. புள்ளி வைக்கிறப்ப முழங்கைய இழுத்துட்டான். வெள்ளை கீழ வழிஞ்சு இமையில நின்னுடுச்சு. துடைக்கப் போனேன், அதுக்குள்ள வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான், முதலாளி தூக்கிக் கொடுத்துட்டார். எந்தக் கோயிலுக்குப் போச்சுன்னுகூடத் தெரியாது. அதான் கண்ணீர்."

சிஸ்டர் மெதுவாக, "இத்தனை பேருக்கு ஆறுதல் குடுக்க ஆண்டவர் அந்தக் குழந்தையோட கைய..." என்று தொடங்கினார்.

"அதச் சொல்லாதீங்க சிஸ்டர். அதுக்கு அவன் கைய இழுத்தவரு, அவன் விழுறப்ப தன் கைய நீட்டியிருக்கலாம்."

"எனக்குத் தெரியலக்கா" என்று மட்டும் சிஸ்டர் சொன்னார்.

"அஞ்சு நாள் நடந்து வந்து என் கைவேலையவே பாத்துட்டுப் போறேன்" என்றாள் தங்கை. ஜன்னல் ஓரத்துக் களிமண் முகத்தை யாரும் எடுத்து வரவில்லை.

அவள் உப்புத்தாளுக்கே திரும்பினாள். ஒன்றரை ஆண்டு கழித்து அந்த மலைச் சொரூபம் பட்டறைக்கே வந்தது. ஈரத்தில் வண்ணம் உரிந்துவிட்டதால் போர்வையில் சுற்றி இரகசியமாக அனுப்பியிருந்தார்கள். பிளாஸ்டர் தெரியும்வரை தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோன நான் அங்கேயே நின்றுவிட்டேன். "தேய்க்கிறது நான்தான்" என்று யாரையும் அருகே விடவில்லை. உடுப்பு, கைகள், வலது கண். இடது கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தாள். உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் அந்தத் துளியை ஒருமுறை தொட்டாள். பிறகு தேய்த்தாள். வெள்ளைத் தூள் அவள் விரலில் ஒட்டியது.

புதிதாகச் சேர்ந்திருந்த வண்ணக்காரன் மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, "அவர் கண்ண நான் தொடமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டான். வேறு வழியில்லாமல் அவளே தூரிகையை எடுத்தாள். கருவிழி, மணி, இமைக்கோடு, புள்ளி. உதடு அசையவில்லை.

முதலாளி குனிந்து பார்த்தார். "கண்ணீர் எங்க? ஃபாதர் முக்கியமா அதச் சொல்லித்தானே அனுப்பினார்?"

"புள்ளி இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

"இருக்க வேண்டிய இடம் யாருக்கு வேணும்? பழைய மாதிரி கீழ கொஞ்சம் இழுத்து விடு."

"நான் இழுத்தா வராது முதலாளி. முழங்கைய இழுக்க ஆள் இல்லையே."

அவருக்கு விளங்கவில்லை. தானே ஒரு குச்சியால் வார்னிஷ் தொட்டு ஒரு சொட்டு வைத்தார். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. மலையில் வரிசை குறையவில்லை என்று கேள்வி.

அவள் மறுபடி அங்கே போகவில்லை. மறுபடி கண் வைக்கவும் இல்லை. சிஸ்டர் மாதம் ஒருமுறை பட்டறைக்கு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொரூபங்களின் சின்ன விரல்களைத் தேய்த்துக் கொடுப்பார். இருவரும் பேசிக் கேட்டதில்லை. ஆறு ஆண்டுகள் அப்படிப் போயின. தங்கை படுக்கையில் விழுந்தபோது சிஸ்டர், "ஜெபம் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க" என்றாள்.

சிஸ்டர் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவள் கண் திறந்தே இருந்தது. நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றேன், பிறகு அந்தப் பக்கம் போனேன். அவள் பார்வை விழும் இடத்தைத் தேடி என் முகத்தைக் கொண்டுபோய் வைத்தேன். கடைசியில் நான்தான் மூடினேன்.