ஜெபஸ்டினின் மிதிப்பெட்டி

வலது கால் பெருவிரலால் அந்தப் பெட்டியை ஒரு மிதி மிதித்துவிட்டு, ஜெபஸ்டின் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு காத்திருக்கிறான். கிட்டாரில் ஒரே ஒரு கம்பியைத்தான் தட்டியிருக்கிறான். அந்தச் சத்தம் போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி போகிறது. மேகம் இறங்கிய நாளில் ஐந்தருவிப் பக்கம் யாரோ யாரையோ கூப்பிடுவது மேலகரம் வரை கேட்கிற மாதிரி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இது வரும். எனக்குக் கட்டில் மிதக்கும்.

அவன் அதைப் பெடல் என்கிறான். பெடல் சைக்கிளுக்குத்தான் உண்டு. நான் மிதிப்பெட்டி என்றுதான் சொல்லுவேன். செங்கல் நிறத்தில் இரும்புப் பெட்டி, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது, தலையில் மூன்று திருகு. ஜப்பானில் செய்ததாம், அவன் பிறந்த காலத்துச் சாமானாம். திருநெல்வேலியில் பாட்டுக் கச்சேரியை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து வந்தது.

ஆளைப் பார்த்தால் கிட்டார்க்காரன் என்று தோன்றாது. குற்றாலம் போகிற வழியில் தள்ளுவண்டியில் பழம் விற்கிறவன். மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிளந்து, “தின்னு பாத்துட்டு அப்புறம் பேசுங்க” என்று நீட்டுவான். தோலின் கறை விரலைவிட்டுப் போகாது. கிட்டாரின் கழுத்திலும் அதே ஊதாக் கறை. ரம்புட்டானை அடுக்கும்போது வாய் ஏதாவது முனகிக்கொண்டிருக்கும். வாங்க வந்தவர் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் இந்த உலகத்துக்கு வருவான்.

இந்த வருஷம் சாரல் தள்ளிப்போனது. அருவியில் தண்ணீர் நூலாக விழுந்தது. அப்போதுதான் மிதிப்பெட்டியில் இரைச்சல் வந்தது. மிதித்தால் போதும், பாட்டுக்கு அடியில் வண்டு புகுந்த மாதிரி ஒரு உறுமல். அவர்கள் கோயில் பாடகர் குழு ஜெபஸ்டின் வீட்டு முன்னறையில்தான் பாடிப் பழகும். குழுவை நடத்துகிற அருமைநாயகம் பட்டாளத்திலிருந்து வந்தவர். பாதிப் பாட்டில் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

“அசனத்துக்குக் கீபோர்டு மட்டும் போதும்லே. சனம் சோறு திங்கதுக்கு முன்ன இந்த எரைச்சலை யாரு கேப்பா?”

அசனம் என்பது அவர்கள் கோயில் பண்டிகையில் ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். எனக்கும் அங்கே ஒரு இலை உண்டு. அன்றைக்கு வாசிப்பதற்காகத்தான் இவர் வருஷம் முழுக்கப் பழம் விற்கிறார் என்பாள் ஜெபஸ்டினின் பெண்டாட்டி ரத்தினம். சனிக்கிழமை பழகும்போதும் இரைச்சல் இருந்தால் கிட்டாரே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார் அருமைநாயகம்.

ஜெபஸ்டின் வயரை மாற்றினான். அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரி போட்டான். திருகுகளைக் கழற்றித் துடைத்தான். டியூப்லைட்டை அணைத்தான், ஃபேனை நிறுத்தினான். ரத்தினம் வேர்த்து வழிய, “எரைச்சல் ஃபேன்ல இல்லங்க, ஒங்க தலையில இருக்கு” என்றாள். கடைசியில் தென்காசியில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற பீர் மைதீனிடம் கொண்டுபோனான். அங்கே மிதித்தால் ஒரு முனகல்கூட இல்லை.

“கடையில ஊமையா இருக்கு ஆச்சி. வீட்டுக்கு வந்தா அழுவுது” என்று மதில்மேல் கை வைத்துக்கொண்டு சொன்னான். அருமைநாயகத்திடமும் சொல்லிப் பார்த்தான்.

“வீட்ல அழுவுத பிள்ள கோயில்ல மட்டும் சும்மா இருக்குமாலே?” என்றுவிட்டார் அவர்.

நடுவில் ஒரு சாயங்காலம் நல்ல மழை பெய்தது. அன்றைக்கு இரைச்சல் இல்லை. வெயில் அடித்ததும் திரும்பி வந்துவிட்டது. பெட்டிக்குச் சாரல் வேண்டியிருக்கிறது என்று முடிவு கட்டி, அதை ஜன்னலோரத்தில் மலையைப் பார்க்க வைத்தான். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் மலை இருக்கிறது என்று எனக்கும் அரைத் தூக்கத்தில் தோன்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரத்தினத்தின் சிங்க் அடைத்துக்கொண்டது. அவள் முட்டிவலிக்காரி. குனிந்து பாத்திரம் விளக்க முடியவில்லை என்று ஈஸ்டருக்குத்தான் ஜெபஸ்டின் அடுக்களையில் சிங்க் வைத்துக் கொடுத்திருந்தான். வேறு வழியில்லாமல் பாத்திரத்தையெல்லாம் பின்பக்கத்துப் பழைய துவைகல்லடியில் போட்டு, முணுமுணுத்துக்கொண்டே விளக்கினாள். உள்ளே அவன் பெட்டியை மிதித்தபடி இருந்தான். தண்ணீர் ஓட ஓட இரைச்சல் மெலிந்துகொண்டே போனது. கட்டிலில் கிடந்த எனக்கே தெரிந்தது. எழுந்துபோய் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கழுத்தில் மாட்டிய கிட்டாரோடு அவன் பின்வாசலுக்கு வந்தான்.

“ஏட்டி, என்ன பண்ணுதே?”

“பாத்தா தெரியலியா? நாட்டியம் ஆடுதேன்.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. மீட்டர் பலகையிலிருந்து சுவரோடு இறங்கி எர்த் கம்பி மண்ணுக்குள் போகிற இடத்தைப் பார்த்தான். இத்தனை வருஷமும் அவள் விளக்கிய தண்ணீர் அங்கேதான் போய் ஊறியிருக்கிறது. சிங்க் வந்த பிறகு தண்ணீரெல்லாம் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போக, மண் காய்ந்து எர்த் பிடிக்காமல் போயிருக்கிறது. வீட்டுக் கரண்டின் முனகலைத்தான் மிதிப்பெட்டி பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது.

“சிங்க் வச்சது நாந்தானே” என்று துவைகல்லில் உட்கார்ந்து சிரித்தான்.

“அதுக்கு? இனிமே நான் இங்கன குத்தவச்சு வெளக்கணுமாக்கும்?” என்றாள் ரத்தினம்.

அவன் அன்றைக்கே சிங்க் அடைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் அருமைநாயகம் வந்தபோது அவன் பின்பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக் குந்தியிருந்து குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னலே, பிராக்டிஸ்ன்னு வரச் சொல்லிட்டு சட்டி வெளக்குதே?”

“இதுவும் பிராக்டிஸ்தான் அண்ணாச்சி. இரிங்க, ஒரு சட்டிதான் பாக்கி.”

அன்றைக்கு மிதித்தபோது பாட்டு மட்டும் போய்த் திரும்பி வந்தது. அடியில் வண்டு இல்லை. அருமைநாயகம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். வாசிப்பு நின்ற பிறகும், போன சத்தம் கடைசியாகத் திரும்பி வருகிற வரைக்கும் திறக்கவில்லையாம். அப்புறம், “ரெண்டாம் பாட்ட நீயே எடுத்துக் குடு” என்று அவர் சொன்னது சுவர் தாண்டி என் காதில் விழுந்தது. அந்த வண்டு இல்லாமல் எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. யார் கோபித்துக்கொண்டாலும் அதைச் சொல்லத்தான் செய்வேன்.

அசனம் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் சாயங்காலமானால் அந்த வீட்டுப் பாத்திரம் ஜெபஸ்டின் கையில்தான். சிங்க்கில் ரத்தினம் நின்றபடி காய் கழுவுகிறாள். அவன் கடைசிச் சொம்புத் தண்ணீரை எர்த் கம்பியடியில் மெல்லச் சாய்த்துவிட்டு, காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை அந்த மண்ணில் கொஞ்ச நேரம் வைத்திருக்கிறான்.