குலசாமி முன்னால் ஒரு டெஸ்ட் டிரைவ்

1. காபி யாருக்கு?

கார் ஷோரூமில் நான் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் எனக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். மைலேஜ், ஏர்பேக், டிக்கியின் கொள்ளளவு எல்லாம் அச்சடித்த புத்தகத்தில் இருக்கிறது, வீட்டில் படித்துக்கொள் என்று தள்ளிவிட்டார். "ஒரு குடும்பம் உள்ள வந்துச்சுன்னா, அதுல முடிவெடுக்குற ஆளு யாருன்னு மொதல்ல கண்டுபுடி. காபி அந்த ஆளுக்கு மட்டும். மத்தவங்களுக்குத் தண்ணி போதும்" என்றார்.

இந்தத் தொழிலிலேயே எனக்குத் தலை நரைத்துவிட்டது. தப்பான ஆளுக்கு நான் கொடுத்த காபியை எல்லாம் சேர்த்தால் ஒரு தண்ணி டேங்கர் நிரம்பும். அதில் ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். புதிதாக விற்பனைக்கு வரும் பிள்ளைகளுக்கும், புதுக் காரா பழைய காரா என்று மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களுக்கும் ஏதாவது உதவலாம்.

எங்கள் ஷோரூம் பெரம்பலூரில் ஹைவேஸ் ஓரம். முன்பக்கம் கண்ணாடிக்குள் புது வண்டிகள், ஏசி, சோபா, டை கட்டிய நான். பின்பக்கம் தகரக் கொட்டகைக்குள் பழைய வண்டிகள், ஒரு டேபிள் ஃபேன், அன்சாரி பாய். முதலாளி ஒருவர்தான். ஆனாலும் முன்பக்கம் வந்த ஆள் பின்பக்கம் போய்விட்டால் எனக்கும் பாய்க்கும் இரண்டு நாளைக்குப் பேச்சு வார்த்தை இருக்காது.

2. பாதியில் வெட்டாத கார்

பெரியசாமி அய்யா செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் இளங்கோ உரக்கடை வைத்திருந்தான். மருமகள் வாசுகி அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூவரும் சேர்ந்துதான் வந்தார்கள்.

அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்ற உயரமான வண்டிகளை எல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் செடான் நின்ற இடத்துக்கு நேராகப் போனார். "பின்னாடி டிக்கி நீட்டிக்கிட்டு இருந்தாத்தான் தம்பி காரு. மத்ததெல்லாம் பாதியில வெட்டுனது" என்றார். ஆள் தெரிந்துவிட்டது என்று காபியை அவர் கையில் கொடுத்தேன்.

அவர் பேச்சு தெளிவாக இருந்தது. புது வண்டிதான் வேண்டும். அடுத்தவன் உட்கார்ந்து தேய்ந்த சீட்டில் தான் உட்கார முடியாது. ஊரில் எல்லோரிடமும் புதுசு எடுக்கப்போவதாகச் சொல்லியாகிவிட்டது. வண்டியை ஓட்ட மச்சினன் மகன் ஒருவன் இருக்கிறான், சும்மாதான் திரிகிறான், அவன் வாசுகியை அரியலூர் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவான்.

வாசுகி லைசென்ஸ் எடுத்திருந்தாள். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க் கற்றுக்கொண்டாளாம். அதை அவளே சொன்னபோது அய்யா என்னைப் பார்த்துச் சிரித்தார். "லைசென்ஸ் இருக்கு தம்பி, இல்லேங்கல. அதுக்காகப் புது வண்டியக் கையில குடுத்து, எங்கயாச்சும் தேச்சுக்கிட்டு வந்து நின்னா?" என்று கேட்டார். நானும் தலையை ஆட்டினேன். வாசுகி தண்ணி பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு குடித்தாள்.

இளங்கோ வேறு கட்சி. அவன் போனில் கார் வீடியோக்களாகப் பார்த்துத் தேறியவன். புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டினாலே விலை இறங்கிவிடும் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் பழசுதான் புத்திசாலித்தனம் என்று அப்பாவைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். எனக்கு வயிறு எரிந்தது.

3. பாயின் கொட்டகையில்

அங்கே அரியலூரிலிருந்து வந்த ஒரு வெள்ளை செடான் நின்றது. ஒரே ஓனர், வண்டியைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவர். அன்சாரி பாய் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. பழைய வண்டி பார்க்கிறவர்கள் அவர் செய்ததைக் கற்றுக்கொள்ளலாம். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி கிடக்கும் குழியில் துரு இருக்கிறதா என்று காட்டினார். கதவு ரப்பரைப் பிரித்து, வெல்டிங் தழும்பு இல்லை என்று காட்டினார். பிரேக் பெடல் ரப்பரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருந்து பெடல் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் மீட்டரும் பெடலும் ஒரே கதையைச் சொன்னன.

இளங்கோ அதோடு விடவில்லை. டயர் செய்த வருடத்தைப் படித்தான். போனிலேயே டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். கடைசியில் சன்ரூஃப் இல்லையே என்று இழுத்தான்.

"சன்ரூஃபா? நம்மூரு வெயில்ல அதத் தொறந்தா மண்டை வெந்துடும்" என்றார் அய்யா. அன்றைக்கு அப்பனும் மகனும் ஒத்துப்போன விஷயம், வெயில் அதிகம் என்பது மட்டும்தான். எதுவும் முடிவாகாமல் கிளம்பிப் போனார்கள்.

வெங்காயம் நட்ட சமயத்தில் முதல்முறை வந்தவர்கள், காய் பருத்துக்கொண்டிருந்த காலம் வரை வந்துகொண்டே இருந்தார்கள். ஒருமுறை காபி அய்யாவுக்கு, மறுமுறை இளங்கோவுக்கு என்று நானும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். அய்யா முன்பக்கம் உட்கார்ந்து புது வண்டியின் சீட்டைத் தடவுவார். இளங்கோ பின்பக்கம் படுத்துக்கொண்டு பழைய வண்டியின் சைலன்சரைத் தடவுவான். வாசுகி இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

4. அரியலூரில் ஒரு ரூம்

வாசுகி வாயைத் திறந்தது ஒரு சனிக்கிழமை. ஊரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து அரியலூருக்கு இன்னொரு பஸ். முதல் பஸ் தாமதமானால் இரண்டாவது பஸ் போயிருக்கும். அதைப் பிடித்துவிட்டாலும் முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். டியூட்டிக்கு இன்னொரு முறை தாமதமாக வந்தால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"வெங்காயம் புடுங்குறதுக்குள்ள ஒரு வண்டி வூட்டுக்கு வரணும் மாமா. வரலைன்னா நான் அரியலூர்ல ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். லீவுக்கு வரேன்" என்றாள். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸுகள் பேசும் அதே குரல்தான்.

இளங்கோ போனைக் கீழே வைத்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கத் தெரிந்த ஒரே ஆள் வாசுகிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காபியை அவனுக்கே கொடுத்தேன்.

அய்யா மீசையைத் தடவினார். பிறகு, "நாம பேசித் தீராது. குலசாமிகிட்ட பூப் போட்டுக் கேட்டுப்புடுவோம்" என்றார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். அதில் என்ன பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. "வெள்ளப்பூ வந்தா புதுசு. செவப்பு வந்தா பழசு. வாசுகி, வூட்டுலேருந்து பூவ நீயே மடிச்சுக் கொண்டாந்துரு" என்றார். சாமி பார்த்துச் சொல்ல வசதியாக இரண்டு காரையும் கோயிலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

டெஸ்ட் டிரைவுக்கு இப்படி ஒரு ரூட் எங்கள் கம்பெனிப் புத்தகத்தில் இல்லை. மேனேஜரோ, எது விற்றாலும் நம் வண்டிதானே, போய்ட்டு வாய்யா என்று அனுப்பிவிட்டார்.

5. வாய்க்கால் மேடு

அவர்கள் குலசாமி கோயில் காட்டுக்குள் இருக்கிறது. தார் ரோட்டிலிருந்து இறங்கி மண்பாதையில் போகவேண்டும். புது டெமோ வண்டியை நான் ஓட்டினேன். பக்கத்தில் அய்யா, பின்னால் இளங்கோவும் பங்காளிகள் இருவரும். மூவருமே வஞ்சனை இல்லாமல் வளர்ந்த உடம்பு. பின்னால் வெள்ளை செடானில் பாயும் வாசுகியும் வந்தார்கள்.

பாதையின் குறுக்கே ஒரு வாய்க்கால் மேடு. நான் நேராக ஏற்றினேன். அடியில் டங் என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன தம்பி அது?" என்றார் அய்யா.

"ஒண்ணுமில்லைங்கய்யா, சஸ்பென்ஷன் வேலை செய்யுது" என்றேன்.

அடுத்த மேட்டில் சஸ்பென்ஷன் இன்னும் நீளமாக, இரும்புச் சட்டியைச் சுரண்டுவதுபோல் வேலை செய்தது. பங்காளிகள் இறங்கி நடந்தார்கள். கொஞ்சம் தள்ளி இளங்கோவும் இறங்கினான். என் டை வியர்வையில் கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அய்யா மட்டும் அசையாமல் உட்கார்ந்து பக்கத்துக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடி பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பின்னால் வந்த வெள்ளை வண்டி அந்த மேடுகளைக் குறுக்காகப் பிடித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிச் சத்தமில்லாமல் வந்து நின்றது. அதில் இரண்டே பேர் இருந்ததும் ஒரு காரணம்தான், தொழில்காரன் அதையும் சொல்லவேண்டும். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு இறங்கியது வாசுகி. பாய் மறுபக்கம் இறங்கி என் காதருகில் வந்து, "நான் ஸ்டேரிங்கத் தொடவே இல்ல சார், மாஷா அல்லா" என்றார். அய்யா அந்தப் பக்கம் திரும்பாமல் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

வாசுகி மடித்துக்கொண்டு வந்த இரண்டு வாழையிலைப் பொட்டலங்களையும் பூசாரி சாமி காலடியில் உருட்டிப்போட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

அய்யாவின் முகம் சுருங்கியது. "இன்னொரு தடவ பாரு பூசாரி" என்றார். பூசாரி அதை மறுபடி மடித்து, கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். மறுபடியும் செவ்வரளி. அய்யா கையெடுத்துக் கும்பிட்டார். "அப்பச் சரி, பழசுதான். ஆத்தா சொன்னா அப்பீல் கிடையாது" என்றார். இளங்கோ, தன் போனில் வரும் ஆட்களும் சாமியும் ஒரே கருத்து என்பதுபோல் எல்லோரையும் பார்த்தான்.

வந்த பொட்டலத்தை மட்டும்தான் பிரிப்பார்கள். மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். எல்லோரும் பொங்கல் வாங்கப் போனபோது, கையிலிருந்த விற்பனை போன துக்கத்தில் நான் அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி.

நிமிர்ந்தால் வாசுகி நிற்கிறாள். கொஞ்சமும் பதறவில்லை. என் கையிலிருந்து இலையை வாங்கி மடித்தாள்.

"புதுசு வந்தா அதுக்கு டிரைவர் வருவான் சார். அவன் வராத அன்னைக்கு நான் மறுபடியும் பஸ்ஸுல தொங்கணும். பழசுன்னா தேஞ்சாலும் பரவால்லன்னு சாவிய என் கையில குடுப்பாங்க" என்றாள்.

"சாமி கோவிச்சுக்காதா?" என்று கேட்டேன்.

"கோவிச்சுக்காது. அதுவும் பொம்பள சாமிதான்."

இத்தனை நாளும் அந்தப் பெண்ணுக்குத் தண்ணி பாட்டில் மட்டுமே கொடுத்தேனே என்று எனக்கு அந்த இடத்திலேயே வெட்கமாகிவிட்டது.

அறுவடைக்கு முன்பே வெள்ளை செடான் அவர்கள் வீட்டுக்குப் போனது. பழைய வண்டிக்கு எதற்கு டிரைவர் என்று அய்யாவே சொல்லிவிட்டாராம். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை வெளியே எடுத்தது வாசுகிதான்.

6. சர்வீஸ் நாள்

சில மாதம் கழித்து வண்டி சர்வீஸுக்கு வந்தது. ஓட்டிவந்தது வாசுகி, பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு அய்யா. பம்பரில் இடதுபக்கம் இரண்டு கீறல் இருந்தது. அய்யா அதை விரலால் தடவி, "பழசுதான தம்பி" என்றார். அடுத்தவன் உட்கார்ந்த சீட்டு அவருக்கு நன்றாகவே பழகியிருந்தது. வாசுகி அரியலூரிலேயே வேலையில் இருந்தாள், தினமும் வீட்டுக்கும் வந்துகொண்டிருந்தாள்.

அவள் சர்வீஸ் கவுன்டரில் நின்றபோது நான் அய்யாவை வம்புக்கு இழுத்தேன். "சாமி மட்டும் வெள்ளப்பூவக் குடுத்திருந்தா நீங்க புது வண்டியில வந்திருப்பீங்க" என்றேன்.

அவர் திரும்பி மருமகள் தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார். "எங்க வூட்டுக் கொல்லையில வெள்ளப்பூவே கெடையாது தம்பி. செவ்வரளி மட்டுந்தான் நிக்குது. அது தெரிஞ்சுதான வூட்டுலேருந்து கொண்டான்னு சொன்னேன்."

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புதுசுன்னு ஊரெல்லாம் சொல்லிப்புட்டேன். நானே எறங்கி வந்தா மரியாதையா? சாமி சொல்லிருச்சுன்னா ஒரு பய கேக்க மாட்டான். மருமவ அரியலூருக்குப் போயிருச்சுன்னா எங்க வூடு வூடா இருக்குமா? அது ஓட்டிக்கிட்டு வந்ததையும் அன்னைக்குக் கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

"அப்புறம் எதுக்குங்கய்யா ரெண்டாவது தடவ எடுக்கச் சொன்னீங்க?"

"மொத தடவையே ஒத்துக்கிட்டா யாரு நம்புவா?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அதுகிட்டச் சொல்லிப்புடாதீங்க தம்பி. மாமனார ஏமாத்திப்புட்டோம்னு அது பாட்டுக்குச் சந்தோஷமா இருக்கு."

வாசுகி சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். "போலாமா மாமா?" என்றாள். என்னைப் பார்த்து ஒரு கள்ளச் சிரிப்பு சிரித்தாள். மெதுவாகப் போம்மா என்று அய்யா சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஹைவேஸில் ஏறிவிட்டது.

அந்தக் குடும்பத்தில் முடிவெடுத்தது யார் என்று இன்று வரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடுவதையும் விட்டுவிட்டேன். யார் வந்தாலும், இந்த வண்டியை ஓட்டப்போவது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன், அவரைத்தான் முதலில் ஸ்டேரிங் முன்னால் உட்காரவைக்கிறேன். காபி எல்லோருக்கும் கொடுக்கிறேன். பால் செலவு ஏறிவிட்டது என்று இப்போதிருக்கிற மேனேஜர் முணுமுணுக்கிறார்.