கால் வரவில்லை என்றாள் அஞ்சலை

பேய், பிசாசு, காத்து கருப்பு எதிலும் எனக்கு எந்தக் காலத்திலும் நம்பிக்கை கிடையாது. கறுப்புச் சட்டை போட்டு, பகுத்தறிவுக் கூட்டத்துக்கு மைக் செட் ஏற்பாடு செய்து, வீட்டில் சாமி படத்தைக் கழற்றி வைத்து, அதற்காக மனைவி சரோஜா சோறு போடாமல் மூன்று நாள் பட்டினி கிடந்தவன் நான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் இதில் நான் வெட்கப்படுகிற இடமே வேறு.

கழக ஆட்சி வந்து சில வருடம் ஆகியிருந்த சமயம். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஒரு மிராசுதார் பண்ணையில் நான் காரியக்காரர், அதாவது ஆள் வைத்து வேலை வாங்குகிறவன். கூலி கேட்டு சங்கம் ஒரு பக்கம், வெளியூர் ஆளை இறக்குவேன் என்று மிராசுதார் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் எப்படியோ பேசி முடித்து, அந்தக் குறுவைக்கு உள்ளூர்ப் பெண்களே நடவுக்கு இறங்கினார்கள். யாராவது கொஞ்சம் மெதுவாக நட்டாலும் சங்கத்துக்காரன் சொல்லிக்கொடுத்த வேலை என்று மிராசுதார் என்னைத்தான் பிடித்து உலுக்குவார்.

அதில் அஞ்சலை என்று ஒருத்தி. முப்பது வயசு இருக்கும், நல்ல வேலைக்காரி. அந்த வருடம் திடீரென்று, தண்ணீரில் இறங்கினால் முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, சத்து மாத்திரை சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்கள். காலில் வீக்கமில்லை, புண்ணில்லை, வரப்பில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அப்புறம் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை.

நடவில் ஒரு விளையாட்டு உண்டு. பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள் இல்லையா, அதில் ஒருத்தி பின்தங்கினால் இரண்டு பக்கத்துக்காரிகளும் அவளை முந்திப்போய், அவள் முதுகுக்குப் பின்னாலும் நாற்றை நட்டு அடைத்துவிடுவார்கள். நட்ட பயிரை மிதிக்காமல் அவள் வெளியே வர முடியாது. எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு ஒருத்தி கை கொடுத்துத் தூக்கிவிடுவாள். அவ்வளவுதான்.

அஞ்சலை பின்தங்கிய அன்று அதை விளையாட்டாக யாரும் செய்யவில்லை. நான் செய்யச் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் செய்தார்கள். அஞ்சலை நடுவயலில் நாற்றுமுடியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஐயா, கால் வரலீங்க. யாராச்சும் வந்து புடிங்க."

வரப்பில் குடை பிடித்து நின்ற நான் சொன்னேன்: "நல்லா நடிக்கிற. மெட்ராசுக்குப் போனா சினிமாவுல சேத்துக்குவான்."

சிலர் சிரித்தார்கள். கை கொடுக்கப் போன ஒருத்தியையும் நான் தடுத்தேன். எல்லாரும் கரையேறிய பிறகும் அவள் அங்கேயே நின்றாள், பொழுது சாயும்வரை. வாய்க்கால் வெட்டப் போயிருந்த அவள் புருஷன் வந்து, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பயிரை மிதித்து வெளியே வந்தான். பயிரை மிதித்ததற்கு அவனையும் திட்டினேன். மறுநாளிலிருந்து இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்றேன். நாலே நாளில் குடும்பத்தோடு பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போய்விட்டார்கள்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, நல்ல உச்சிவெயில். மதகில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வரப்பில் போய்க்கொண்டிருந்தேன். போய்க்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, அதே வயலின் நடுவில் நான் நிற்கிறேன். வேட்டி நுனியில்கூட ஈரமில்லை, கால் மட்டும் தண்ணீரில். அவள் புருஷன் மிதித்த இடத்தில் மறுபடி நட்டதும் சேர்த்து, பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. சுற்றிலும் ஒரு தாள் மடங்கவில்லை. தண்ணீர் தெளிந்து கிடக்கிறது, சேற்றில் ஒரு காலடித் தடம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், குனிந்து நாலு பக்கமும் பார்த்தேன்.

எடுத்து வைக்கலாம் என்றால் கால் இல்லை. கண்ணுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் ஒருவன் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து கத்தினேன், சத்தமே வரவில்லை. ரோட்டில் பஸ் போனது. அவனும் திரும்பவில்லை, பஸ்ஸில் போனவர்களும் பார்க்கவில்லை. வெயில் மேற்கே சாய்ந்த பிறகு கால் தானாக வந்தது. விழுந்தடித்துக் கரையேறித் திரும்பிப் பார்த்தால், பயிரை மிதித்து வந்த தடம் ஒன்றே ஒன்றுதான். வெளியே வந்த தடம்.

வெயில் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை, எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஆனால் அன்றிலிருந்து காலில் தண்ணீர் பட்டால் போதும், முழங்காலுக்குக் கீழே போய்விடும். குளிக்கும்போது, வாய்க்காலைத் தாண்டும்போது, மழையில். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். உடம்பில் ஒன்றுமில்லை, மனசுதான் என்றார் டாக்டர். சரோஜா பார்க்காத கோவில் இல்லை, நாகூர் தர்காவுக்கும் கூட்டிப்போனாள். நானும் கூடவே போனேன். கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

"எந்திரிங்க, போதும். ஊரே சிரிக்குது" என்றாள் ஒருநாள்.

மிராசுதார் அதைவிட ஒரு படி மேலே போனார். "என்னய்யா, நீயும் சங்கத்துல சேந்துட்டியா?" என்று கேட்டு, வேறு ஆளைப் போட்டுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்கிறவன் முகத்தைப் பார்த்து நாலு பேர் சிரிப்பது எப்படி இருக்கும் என்று நானே அவமானப்பட்ட பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று ஒரு தடியை ஊன்றிக்கொண்டு பேராவூரணிக்கு பஸ் ஏறினேன். அங்கே தோப்பு தோப்பாக விசாரித்துக் கண்டுபிடித்தேன்.

அஞ்சலை குந்தி உட்கார்ந்து தென்னங்கீற்று முடைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, நன்றாக நடந்து வந்து, மனைக்கட்டையைப் போட்டாள்.

"உக்காருங்கய்யா. கால் இன்னும் வரலீங்களா?"

நம் ஊர் ஆள் யாரும் இங்கே வந்தார்களா என்று கேட்டேன். யாரும் வரவில்லை என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாங்க இங்க வந்த மறுவாரம், இதே எடத்துலதான் கீத்து முடைஞ்சுக்கிட்டு இருந்தேன். உச்சிப்பொழுது. நீங்க கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சுங்க. கால் வரல, வந்து புடின்னு எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க. எனக்கு அன்னைக்குத்தான் கால் நல்லாச்சு. எந்திரிச்சு வரலாமுன்னு பாத்தேன். அப்புறம், நம்மளப் பழிச்சுக் காட்டுறாருன்னு நெனச்சு, வைராக்கியமா உக்காந்துட்டேன். நெசம்னு தெரிஞ்சிருந்தா ஓடியாந்திருப்பேங்க. மன்னிச்சிருங்கய்யா."

மன்னிப்புக் கேட்கப் போன நான் அதைக் கேட்கவில்லை. அவள் சீவிக் கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டு, வரேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இத்தனை வருடத்தில் மறுபடி போகவும் இல்லை.

எங்கள் வயலிலிருந்து அந்தத் தோப்புக்குப் பஸ்ஸிலேயே அரைநாள் ஆகும். அதுகூடப் போகட்டும். அன்று நடுவயலில் என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை என்று சொன்னேன் அல்லவா? எந்தப் பெயரைச் சொல்லிக் கத்தப் பார்த்தேன் என்று இதுவரை சரோஜாவிடம்கூட நான் சொன்னதில்லை. அஞ்சலை பெயரைத்தான்.