அமெச்சூர் சட்டமும் ஒரு சோடிப் பூட்சும்

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. பந்து வாங்குவதற்கு முன்பே தலைவர், உபதலைவர், செயலாளர், போசகர் எல்லோரையும் தெரிவுசெய்து விடுவார்கள். எண்பதுகளின் நடுவில், கனடாவின் பார்க்டேல் பகுதியில் ஒரு அப்பார்ட்மென்டின் பார்ட்டி றூமில் எங்கள் தமிழ் விளையாட்டுச் சம்மேளனமும் அப்படித்தான் பிறந்தது. பதவிக்கு ஆசைப்பட்டவர்களுக்குக் கதிரை கிடைத்தது. விளையாட ஆசைப்பட்டவர்கள் சுவரோரம் நின்றார்கள்.

தலைவராக வந்தவர் பாரிஸ் வழியாகக் கனடா வந்தவர். பாரிசில் ஒரு றெஸ்ரோரன்டில் வெங்காயம் உரித்தார். அதில் ஒரு குறையும் இல்லை, நாங்களும் இங்கே கோப்பை கழுவிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் அவருடைய முதலாளி பழைய விளையாட்டு வீரராம். பிரான்சில் ஆரம்ப காலத்தில் இருந்த, பணம் வாங்காமல் ஆடுபவர்களுக்கான அமெச்சூர் சம்மேளனம் ஒன்றின் வரலாற்றை இவருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். அதைக் கேட்ட மனிதருக்கு வெங்காயம் மறந்துபோயிற்று. பாரிசின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் எப்படிக் கழகம் அமைத்தார்கள், பணத்துக்கு விளையாடியவனை எப்படி வாசலிலேயே நிறுத்தினார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எங்களைப் பிடித்து வைத்துச் சொல்வார். கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும், அவருக்குக் கண் கலங்கும். அந்தச் சம்மேளனமே பிற்காலத்தில் இல்லாமற்போய், ஒவ்வொரு விளையாட்டும் தன்பாட்டில் தனிச் சங்கமாகப் போனதை மட்டும் சொல்லமாட்டார். அதை நான் நூலகத்தில் வாசித்துத்தான் அறிந்தேன்.

கடைசியில் அந்தச் சட்டம் எங்கள் சம்மேளனத்தின் விதிப் புத்தகமான யாப்பிலும் ஏறியது. விளையாட்டுக்காகப் பிறரிடம் பெறுமதியான எதையும் வாங்கியவன் எங்கள் போட்டியில் ஆடக்கூடாது.

அதில் அகப்பட்டவன் என் அறைத்தோழன். ஊரில் பள்ளிக்கூட அணிக்குக் கோல் காத்தவன். சம்மேளனம் நடத்திய உதைபந்தாட்டப் போட்டிக்காகவே அவன் கோடை முழுக்கக் காத்திருந்தான். முதலாளியிடம் கெஞ்சி அன்றைக்கு லீவும் எடுத்திருந்தான். பின்னேரங்களில் பக்கத்துப் பார்க்கில் போர்த்துக்கீசர்களோடு வெறுங்காலுடன் பந்து பிடிப்பான். அவர்கள் பரிதாபப்பட்டு ஒரு சோடிப் பழைய பூட்ஸ் கொடுத்தார்கள். இதை யாரோ தலைவரின் காதில் போட்டுவிட்டார்கள்.

போட்டியன்று காலையில் தலைவர் அவனை மறித்தார். அவன் தொழில்முறை ஆட்டக்காரனாகிவிட்டானாம். பூட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

“வெறுங்காலோட நிக்கிறன் அண்ணை. இண்டைக்கு மட்டும் விடுங்கோ.”

வாங்கியது வாங்கியதுதான் என்றார் தலைவர். நான் வாய் திறந்தேன். யாப்பை மதிக்கத் தெரியாதவர்களோடு பேச்சில்லை என்று செயலாளர் அடக்கினார். கோலுக்குள் பொருளாளரின் மச்சானை நிறுத்தினார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் ஏந்திய ஒரே உருண்டை லட்டாகத்தான் இருந்திருக்கும். பந்து அவருடைய கால்களுக்கிடையில் தாராளமாகப் போய்வந்தது. என் தோழன் வலைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பந்தையும் பொறுக்கிக் கொடுத்தான்.

பின்னேரம் பரிசளிப்பு. முதலில் வென்ற அணிக்கு அல்ல, தலைவருக்குத்தான். அவருடைய தன்னலமற்ற சேவைக்காகப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு ஒரு பவுண் மோதிரம் வந்தது. போசகர் அதைப் போடுவதற்கு முன்பே தலைவர் விரலை நீட்டிவிட்டார். எல்லோரும் கை தட்டி ஓய்ந்ததும் என் தோழன் கேட்டான்.

“உந்த மோதிரம் பெறுமதியில்லாததோ அண்ணை?”

தலைவர் கோபப்படவில்லை. பிழை திருத்தும் வாத்தியாரைப் போலப் பொறுமையாகச் சொன்னார்.

“இது மரியாதை, தம்பி. நீர் வாங்கினது கூலி.”

முன்வரிசை தலையாட்டியது. அந்தத் தலைகளில் ஒன்றுகூட அடுத்தநாள் கோப்பை கழுவப் போகாத தலை இல்லை.

அடுத்த கோடைக்குள் சம்மேளனம் இரண்டாக உடைந்து, எங்களுக்கு இரண்டு தலைவர்கள் கிடைத்தார்கள். என் தோழன் போர்த்துக்கீசர்களின் அணிக்குக் கோல் காத்தான். அவன் பாய்ந்து பந்தைப் பிடித்தபோதெல்லாம் அந்த மைதானத்தில் கை தட்டிய தமிழன் நான் ஒருவன்தான்.