மூன்றாம் ஓலைக்கு முன் ஒரு பேரிங்

எங்கள் பங்குக் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்பார்கள். எத்தனையோ பேருடைய ஓலையைக் கேட்டிருக்கிறேன். யாரும் எழுந்து போய் ஏதும் சொன்னதாக நினைவில்லை. என் மகளுக்கு இரண்டாம் ஓலை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல ஒருத்தி கிளம்பினாள். அது நான்தான்.

தடை என்னவென்றால், ஒரு பேரிங்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். கணபதி பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்தேன். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து இறக்குவார்கள். மோட்டாரின் இரு பக்கத்து மூடியைக் கவர் என்போம். அந்தக் கவருக்குள் கடைந்து வைத்த குழியில் பேரிங் கெட்டியாக உட்கார வேண்டும். பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டோடு சுற்றும். வெளிவளையம் கவருக்குள் அசையவே கூடாது. எல்லாம் பூட்டிய பிறகு மோட்டார் என் மேசைக்கு வரும். ஷாஃப்டை விரலால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பேன். சத்தம் பிசகினால் சிவப்பு சாக்பீஸால் ஒரு கோடு. சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். வேலையை விட்ட பிறகும் அந்தப் புத்தி என்னை விடவில்லை. இப்போது உக்கடத்தில் வீட்டிலேயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். உளுந்துக்காரர் உளுந்து கொண்டுவந்தால் மூட்டையின் அடியிலும் கையை விட்டுப் பார்ப்பேன்.

"சேசுவையே சந்தேகப்பட்ட தோமையார் நம்ம நாட்டுக்கு வந்தது உன்னைப் பாத்துட்டுப் போகத்தான் அம்மணி," என்பார் என் வீட்டுக்காரர். அவர் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்புவார்.

மாப்பிள்ளைப் பையன் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருந்தான். அப்பா இல்லை, அம்மா மட்டும். பெண் பார்க்க வந்த அன்று கொடுத்த காப்பியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, டம்ளரை அவனே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தான். பேசின வார்த்தைக்கெல்லாம் ஒரு 'ங்க'. என் மகளுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் முகமே சொன்னது. எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவர்கள் பங்கில் விசாரித்தோம். நாலு பேரும் "தங்கமான பையனுங்க" என்றார்கள். நாலு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னால் ஒத்திகை பார்த்த மாதிரி எனக்குக் கேட்கும்.

ரிப்பேர்க் கடைகளைப் பற்றி எனக்குத் தெரியும். எல்லாக் கடையும் அப்படியில்லை. ஆனால் சில இடத்தில் உள்ளே இருக்கும் நல்ல பேரிங்கைக் கழற்றிக்கொண்டு, அதே கம்பெனி எழுத்தும் அதே எண்ணும் போட்ட போலியைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். தோட்டத்துக்காரர்கள் பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்தால் டீ குடிக்கக்கூடப் போகாமல் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது அதனால்தான். திருடுகிற கையா இல்லையா என்று தெரிய இதைவிட நல்ல விசாரணை ஏது என்று தோன்றியது.

வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் கிரைண்டர் மோட்டாரைப் பிரித்தேன். பெல்ட் மாட்டும் பக்கத்துப் பேரிங் போன வருடம் நானே நேரில் போய் வாங்கிப் போட்டது, அசல். கம்பெனியில் இருந்தபோது உடைந்த லேத் உளியின் முனை ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். அதைக் கொண்டு வெளிவளையத்தின் வெளிச்சுற்றில் ஒரு சின்னச் சிலுவை கீறினேன். எண் இருக்கும் பக்கவாட்டில் கீறினால் பையன் பார்த்துவிடுவான். சுற்றில் இருந்தால் கவருக்குள் மறைந்துவிடும். "சேசுவே, தப்பாக எடுத்துக்கொள்ளாதேயும், என் பிள்ளைக்காக" என்று சொல்லிக்கொண்டே பூட்டினேன். மரச்சுத்தியலுக்கு அதிக வேலை வைக்காமலே கவர் இறங்கியது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

மோட்டாரைச் சாக்கில் கட்டி டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கடைக்குப் போனேன். "ஓட ஓடச் சூடாகுது தம்பி," என்றேன். அது பொய் இல்லை, எல்லா மோட்டாரும் ஓடினால் சூடாகும்.

அவன் சாக்கை அவிழ்த்து ஷாஃப்டை விரலால் ஒரு சுற்று விட்டான். நான் செய்வது போலவே. "பேரிங் நல்ல பேரிங்குங்க அத்தை. ஒரிஜினல்," என்றான்.

பிரிக்கும் முன்பே மதிப்புப் போட்டுவிட்டானே என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவனே கொண்டுவந்து மாட்டி, பெல்ட் போட்டு, ஓட்டிக் காட்டினான். கூலி வாங்கவில்லை. கூலி வேண்டாம் என்பவன் வேறு எதையோ எடுத்திருப்பான் என்று ஒரு மனம் சொன்னது. மோட்டாரோ பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடியது. மகள் கதவோரம் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்படி அதைப் பிரிக்க எனக்கு வழியில்லை. தவக்காலம் வருவதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் அவசரம். பேரிங்கை மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தள்ளிப்போட்டேன்.

தவக்காலம் போய், ஈஸ்டர் போய், முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். மறுநாள் உளுந்து போட்டு சுவிட்சைத் தட்டினால் மோட்டாரிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். மகள் வேலைக்குப் போனதும் பிரித்தேன். கவர் கையோடு வந்துவிட்டது. பேரிங்கைத் துடைத்துச் சன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெளிவளையம் கண்ணாடி போலப் பளபளவென்று இருந்தது. சிலுவை இல்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேரிங்கை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏனம்மணி, ஊட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு நீ பரீட்சை வெச்சயா?"

"அதுல தோத்துப்போட்டானுங்களே, அதச் சொல்லுங்க."

"பத்திரிகை அடிச்சாச்சு."

"பத்திரிகை போனாப் போகுதுங்க. என்ற புள்ள போயிட்டா?"

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். மாதா சுரூபத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு சாமியார் அறைக்குப் போனேன்.

"ஸ்தோத்திரம் சாமி. என்ற மக கல்யாணத்துக்கு ஒரு தடை சொல்லோணுங்க."

சாமியார் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருக்கா?"

"இல்லீங்க."

"உறவுமுறை ஏதாவது தப்பா?"

"இல்லீங்க சாமி. பேரிங்கை மாத்திப்போட்டான்."

முழுவதும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "திருடினவனுக்குப் பொண்ணு குடுக்க வேண்டாம்னு நீங்க நெனைக்கறது சரிதான். ஆனா அவன் திருடினான்னு உங்களுக்கும் இரும்புக்கும் மட்டுந்தானே தெரியும்? அவன்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா ஆமான்னா சொல்லப் போறானுங்க சாமி?"

"கேட்டுட்டு வந்து சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஓலை எங்கிட்டத்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்தால் மகள் வந்திருந்தாள். பிரித்துப் போட்ட மோட்டாரைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். அவருக்குப் பொய் வராது. அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மோட்டாரை அவளே சாக்கில் போட்டுக் கட்டினாள்.

"நீ கேளும்மா. நானும் வாரேன். அவரு சொல்ற பதிலை வெச்சு நான் முடிவு பண்ணிக்கறேன். நீயில்ல."

காந்திபுரம் போகும்வரை பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவில்லை. சாக்கு எங்கள் இருவர் காலுக்கும் நடுவில் இருந்தது.

எங்களைக் கண்டதும் பையன் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. "தம்பி, இது நான் குடுத்த பேரிங்குங்களா?" என்றேன்.

"ஆமாங்க அத்தை."

"நான் அதுல ஒரு சிலுவை போட்டு வெச்சிருந்தேன். இப்ப இல்லை."

அவன் முகம் மாறியது. என் மகளைப் பார்த்தான். அவள் சுவரில் மாட்டியிருந்த பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் மண்ணெண்ணெய்த் துணியால் பேரிங்கின் பக்கவாட்டைத் துடைத்து என்னிடம் நீட்டினான். எண்ணுக்குக் கீழே மயிரிழை போல இரண்டு கோடு.

"இது எங்க கடைக் குறிங்க. பேரிங் உள்ள வந்ததுமே போட்டுருவோம். சில பேரு ஊட்டுக்குக் கொண்டுபோயி நல்லதக் கழட்டிக்கிட்டு, மட்டமானத மாட்டி, நீ மாத்திப்போட்டயேன்னு சண்டைக்கு வாராங்க."

"எனக்குமா போட்டீங்க?"

"எல்லாத்துக்கும் போடறதுங்க அத்தை," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

"மாத்திப்போட்டுக்கூடக் குறி போடலாமே."

"போடலாமுங்க," என்றான். அதற்குமேல் வாதாடவில்லை. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. வாதாடினால் பிடித்துவிடலாம்.

பேரிங்கை விளக்கடியில் பிடித்தேன். வளையத்தின் நடுப்பட்டை முழுக்கப் பளபளப்பு. ஓரத்தில் மட்டும் நூலளவு மங்கல். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பெனியில் கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு நகத்தை ஓட்டிப் பார்ப்போம். நகத்தை அந்த ஓரத்தில் வைத்து மெதுவாக வளையத்தைச் சுற்றினேன். ஓரிடத்தில் நகம் தட்டியது. மறுபடி சுற்றினேன். அதே இடத்தில் தட்டியது. சிலுவையின் கால் நீளமாக இழுத்துவிட்டிருந்தேன். உளி வழுக்கி ஓரம்வரை போனது ஞாபகம் வந்தது. மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து, அந்தக் கால் நுனி மட்டும் மிச்சம்.

அப்போதுதான் கவர் கையோடு கழன்று வந்ததும், அதற்கு முன்னால் அடிக்காமலே இறங்கியதும் சேர்ந்து நினைவுக்கு வந்தன. குழி தளர்ந்து போயிருக்கிறது. அசையக்கூடாத வெளிவளையம் அதற்குள் சுற்றிச் சுற்றி என் சிலுவையைத் தின்றுவிட்டது. மோட்டாரின் நோய் எதுவோ அதையே நான் திருட்டு என்று நினைத்திருக்கிறேன்.

"இதேதான்," என்றேன் மகளிடம். அவள் தோள் தளர்ந்தது. நானும் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை. கவரை எடுத்துக் குழிக்குள் விரலை விட்டேன். சொரசொரவென்று ஏதோ பட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் சுற்றிலும் பஞ்ச் வைத்துக் குத்திய புள்ளிகள். குழி தளர்ந்தால் உள்ளே இப்படிப் புள்ளி குத்துவார்கள். புள்ளியின் விளிம்பு புடைத்துக்கொண்டு பேரிங்கைப் பிடிக்கும். கொஞ்ச நாள்தான் பிடிக்கும். எங்கள் கம்பெனியில் இதைச் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இது யாரு குத்துனது?"

பையனுக்குக் காது சிவந்துவிட்டது. "நாந்தானுங்க."

"கவர் போச்சுன்னு தெரிஞ்சுதான குத்துனீங்க? ஏன் சொல்லலை?"

"சம்பந்தம் பேசுற ஊட்டுல மொதத் தடவையே கவர் போச்சு, மாத்தோணும்னு சொன்னா, புடுங்கப் பாக்கறான்னு நெனைச்சுக்குவீங்களோன்னு இருந்துச்சுங்க. கல்யாணம் முடிஞ்சு புதுக் கவர் போட்டுறலாம்னு விட்டுப்போட்டேன்."

நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனாலும் அந்தப் புள்ளிகள் எனக்குப் பிடிக்கவில்லை. திருட்டு இல்லை, சரி. மறைப்புதானே?

மகள் அப்போதுதான் திரும்பினாள். "ஒருத்தரு சொல்லாமக் குறி போடறாங்க. ஒருத்தரு சொல்லாமப் புள்ளி குத்தறாரு. உங்க ரெண்டு பேருக்குத்தான் பொருத்தம் அமைஞ்சிருக்கு. நான் எதுக்கு நடுவுல?"

பையன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான்.

"இங்க பாருங்க," என்றாள் அவனிடம். "போச்சுன்னாப் போச்சுன்னு சொல்லோணும். நான் கோவிச்சுக்குவேன்னு பயந்து எங்கிட்ட எதையும் ஒட்டுப்போட்டு வெக்கக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா மூணாம் ஓலை வாசிக்கட்டும்."

"சரிங்க," என்றான்.

"எனக்கென்ன 'ங்க'?"

"சரி," என்றான் அவன். அன்றுதான் முதன்முறையாக அவன் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வந்தது. எனக்கு அது நம்பும்படியாகக் கேட்டது.

புதுக் கவருக்கும், தேய்ந்துபோன பேரிங்குக்குப் பதிலாக ஒரு புதுப் பேரிங்குக்கும் சொல்லியனுப்பினான். வந்ததும் புதுப் பேரிங்கை ஷாஃப்டில் இறக்கி, கவரை அதன்மேல் வைத்து என் கையில் மரச்சுத்தியலைக் கொடுத்தான். அடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால், புதுப் பேரிங்கை உறையிலிருந்து எடுத்து அவனுடைய இரண்டு கோட்டைப் போட்டுவிட்டு, ஒரு சிறு உளியை என் பக்கம் நகர்த்தினான். "உங்களுதையும் போட்டுருங்க அத்தை. பக்கவாட்டுல போடுங்க, அழியாது."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெருந்தன்மையாக இருந்திருக்கும். போட்டேன். அவன் கோட்டுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் ஆழமாக.

நடந்ததையெல்லாம் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்ற இடம் வந்ததும் என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்சம் நிறுத்தித்தான் மேலே வாசித்தார். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எந்திரிக்கப் போறயா என்பது போல. நான் செபமாலையை விரலுக்குள் நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பையனின் அம்மாவும் அன்று எங்கள் கோவிலுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஓலை முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். ஆனாலும் எதற்கு அவ்வளவு நேரம் சிரித்தாள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.