ஆண் பனை என்று எழுதியவர்கள்

புனிதம் அக்காவின் உடல் எரிந்துகொண்டிருந்தபோது எங்கள் ஒழுங்கைப் பனைகளைத் தறித்தார்கள். ஆண்கள் எல்லோரும் சுடலையில் நிற்போம் என்று தெரிந்தே அந்த நேரத்தை எடுத்தார்கள். செத்த வீட்டில் அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு மரம் அரியும் மெசினின் சத்தம் கேட்டிருக்கிறது.

செய்தி வந்தபோது நான் மல்லாவியில் வேலையில் நின்றேன். "மச்சான், அக்காவை ரிப்பர் அடிச்சிட்டுது. ஆள் முடிஞ்சுது," என்றான் நண்பன். அடித்த ரிப்பர் லொறி நிற்கவில்லை. இலக்கத் தகடும் இல்லையாம். பொலிசார் விபத்து என்று எழுதினார்கள். நான் அப்படி எழுதமாட்டேன்.

இந்த அஞ்சலியை வாசிக்கிற, அக்காவை அறிந்த உங்களுக்கு அந்தப் பனைகளையும் தெரியும். எங்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கைக்கும் ஆற்றுக்கும் நடுவே வரிசையாக நின்றவை. அவை நிற்கும்வரை மணல் ரிப்பர்கள் எங்கள் வீடுகளைக் கடந்து ஆற்றில் இறங்க முடியாது. காய்க்கும் பெண் பனையை அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது என்பது சட்டம். ஆண் பனைக்கு அந்தக் காவல் இல்லை. தையல் வேலை செய்து பிழைத்த அக்கா, எங்கள் ஒழுங்கைச் சங்கத்தின் செயலாளர். அந்தச் சட்டத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மணல் முதலாளி பனைகளைத் தறிக்க அனுமதி கேட்டிருந்தார்; அதிகாரி பார்வையிட வருவதற்கு முதல்நாள் யாரோ ஏறிக் காய்க்குலைகளையெல்லாம் வெட்டிவிட்டார்கள். வந்தவர் அண்ணாந்து பார்த்தார். "குலை ஒண்டையும் காணேல்லை. எல்லாம் ஆண் பனை போலதான் கிடக்கு."

பக்கத்தில் நின்ற முதலாளி சிரித்தார். "தேயிலை நாட்டில இருந்து வந்த ஆளுக்குப் பனையில என்ன கதை?"

அக்காவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பம் அது. அக்கா முதலாளியின் பக்கம் திரும்பினார். "தம்பி, போன வருசம் இதில நுங்கு வெட்டிக் குடிச்சது நீர்தானே? ஆம்பிளையிட்டயோ வாங்கிக் குடிச்சனீர்?"

ஒழுங்கையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துக்கொண்டு 'ஆண்' என்றே எழுதினார். முதலாளி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அதன்பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் அக்காவின் படலையடியில் வந்து நிற்கத் தொடங்கியது. இரண்டு பேர், ஹெல்மெட் கழற்றுவதில்லை. ஒருநாள் என்னிடம், "அவா தனியவோ இருக்கிறா?" என்று கேட்டார்கள். நான் அதைச் சொன்னபோது அக்கா, "உள்ள வந்து தேத்தண்ணியைக் குடிச்சிட்டுக் கேக்கச் சொல்லு," என்றார். ஆனால் மறுநாள் தையல் மெசின் யன்னலடியில் இல்லை. அறையின் மறுமூலைக்குப் போயிருந்தது.

"குலை திரும்பத் தள்ளும். அப்ப பாப்பம்," என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். தள்ளியது. அதில் ஒரு குலையை வெட்டுவித்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, திரும்பப் பார்வையிடச் சொல்லிக் கேட்கத்தான் அன்று காலை அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் புறப்பட்டார். பிரதான வீதியில் அவரது உடலைத் தூக்கியபோது தார் முழுவதும் பச்சைக் குரும்பைகள் உருண்டு கிடந்தன.

இப்போது ரிப்பர்கள் எங்கள் ஒழுங்கையால் ஆற்றுக்குப் போகின்றன. பிள்ளைகளை வெளியே விடுவதில்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான்: மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்காகக் குரலைத் தணிக்காத பழக்கம். அந்தக் குரலோடுதான் போன கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனேன். "குலையோட நிண்ட பனையைத் தறிக்க அனுமதி குடுத்தது ஆர்? பேரைச் சொல்லுங்கோ."

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் வரிசையைப் பார்த்தார்.

"அடுத்தது ஆர்?"