எச்சில் பார்க்காதவர்களின் மேசை

வடக்குப்பட்டில் எங்கள் தொழிற்சாலைச் சீனர்கள் தங்கியிருக்கும் வாடகை வீட்டில் மே மாதத்திலும் வெந்நீர்தான் குடிக்கிறார்கள். வெளியே தார் இளகுகிற வெயில், உள்ளே ஃபிளாஸ்க்கிலிருந்து ஆவி பறக்க ஊற்றிக்கொள்வார்கள். அதுகூடப் பழகிவிடும். என் ஊர் கோவில்பட்டியிலிருந்து நம்மவர்கள் யாராவது வந்தால் முகம் சுளிக்கப்போவது சாப்பாட்டு மேசையில்தான். நடுவில் ஐந்தாறு தட்டு, சுற்றி எட்டுப் பேர். எல்லோருடைய சாப்ஸ்டிக் குச்சியும் எல்லாத் தட்டிலும் போய், வாய்க்குள் போய், மறுபடி தட்டுக்கு வரும். தம்ளரை அண்ணாந்தே குடித்து வளர்ந்த எனக்கு இந்தக் காட்சி சீனாவில் போய் இறங்கிய முதல் வாரமே குமட்டியது. இரண்டே மாதத்தில் நானும் குச்சியை நீட்டினேன். எச்சில் என்பதற்கு அவர்களிடம் நம்முடையதைப்போல ஒரு சட்டமே கிடையாது என்று அம்மாவிடம் போனில் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

நான் அங்கே போனது டாக்டருக்குப் படிக்க. நாலாம் ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்த என்னைக் கொரோனா இங்கேயே நிறுத்திவிட்டது. திரும்பிப் போக விட்டபோது வீட்டில் அதற்கான தெம்பு யாருக்கும் இல்லை. படிப்பு பாதியில் நின்றது, மொழி மட்டும் முழுதாகக் கையில் இருந்தது. வல்லம் வடகாலில் ஒரு சீன உதிரிபாகத் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. ஒரகடத்தில் லேடீஸ் ஹாஸ்டல். அம்மா தெருவில் இன்னும் ‘டாக்டருக்குப் படிச்சவ’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய்யில்லைதானே.

படிக்கும்போது ஒருமுறை எங்களைக் குடியிருப்புப் பகுதி ஒன்றுக்கு அனுப்பினார்கள். எய்ட்ஸ் பற்றி மக்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்று படிவத்தில் கேட்டுக் குறிக்க வேண்டும். வாயிலில் காய் ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் எல்லாக் கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். கொசுக்கடியில் பரவாது. கை குலுக்கினால் பரவாது. ஒரே மேசையில் சாப்பிட்டால் பரவாது. கடைசியில், அப்படி ஒருவரோடு சேர்ந்து சாப்பிடுவீர்களா என்று கேட்டேன். ‘பரவாது என்றுதான் சொன்னேனே. அதற்காக நான் ஏன் சாப்பிட வேண்டும்?’ என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பரவாது என்ற கட்டத்தில் ‘சரி’ போட்டேன். அந்தத் தெரு முழுக்கச் சரி சரியாகப் போட்டுக்கொண்டே போனது ஞாபகம் இருக்கிறது. எங்கள் ஊரில் லாரி ஓட்டிய ஒருவர் இறந்தபோது வெளியே டி.பி. என்று சொல்லிவிட்டு, அவர் தட்டைக் குழி தோண்டிப் புதைத்ததை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. சீனர்களைப் பற்றித்தானே படிவம்.

இப்போது வெய் ஷிஃபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷிஃபு என்றால் தொழில் தெரிந்த பெரியவர், நம் ‘மேஸ்திரி’யைவிட ஒரு படி மரியாதை கூட. ஐம்பதை நெருங்கும் மனிதர், புது லைனில் மெஷின்களைப் பொருத்திக் கொடுக்க வந்தவர். மேசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. மீன் வந்தால் அதன் கன்னத்துச் சதையைத் தன் குச்சியால் நெம்பி என் கிண்ணத்தில் வைப்பார். மீனில் ருசியான இடம் அதுதான், வேண்டியவர்களுக்குத்தான் தருவார்கள். அவர் மகளுக்கும் என் வயது.

அவருக்குக் குடலிறக்கம். ஆபரேஷனுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்கு நான் கூடப் போனேன். இரண்டு நாள் கழித்து எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, எச்.ஐ.வி. பாசிட்டிவ்போலத் தெரிகிறது, அரசு மையத்தில் உறுதிசெய்து வாருங்கள், ஆபரேஷனை வேறு எங்காவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் ‘பாசிட்டிவ்’ என்ற வார்த்தையைத்தான் முதலில் சொன்னேன். அவர் கொரோனா என்று நினைத்துக்கொண்டார். ‘எனக்குச் சளியே இல்லையே’ என்றார். பிறகு நோயின் பெயரைச் சொன்னேன். வண்டியில் ஏறும்போது, கம்பெனிக்குத் தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள், எங்கள் ஊர் சின்னது, மகளுக்குப் பேசி முடித்திருக்கிறது, யாருக்கும் தெரியக் கூடாது என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ரத்தத்தில் என்ன, ஆபரேஷன் ஏன் நின்றது என்று மேனேஜர் லின் மேடம் இரண்டு தடவை கேட்டார். சொல்லவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன். வெய் ஷிஃபு எப்போதும்போலக் கன்னத்தை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். நான் பேசிக்கொண்டே சாப்பிட்டேன். சோறு தீர்ந்தது, கீரை தீர்ந்தது. கிண்ணத்தின் ஓரத்தில் அந்தத் துண்டு மட்டும் கிடந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அதைச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டிருக்கிறேன் என்று. நாலு வருடம் மருத்துவம் படித்தவள் நான். தலையை நிமிர்த்தினேன். லின் மேடம் என் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெய் ஷிஃபுவைப் பார்த்தார். அவசரமாக அந்தத் துண்டை எடுத்து வாயில் போட்டேன். ருசி தெரியவில்லை. காரியம் கெட்டுவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஒவ்வொரு தட்டிலும் நீளமான கறுப்புக் குச்சிகள் ஒரு ஜோடி கிடந்தன. பொதுக் குச்சி. அதில் எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு, பிறகு தன் குச்சியால் சாப்பிட வேண்டும். சுகாதாரத்துக்காக, எல்லோருக்கும்தான் என்று லின் மேடம் சொன்னார். எல்லோருக்கும் என்றால் யார் என்ன கேட்க முடியும்? யாரும் கேட்கவில்லை, யாரும் கடிந்து பேசவில்லை, நாற்காலிகள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. லின் மேடம் என்னிடம் தனியாக, ‘சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் நீ மருத்துவம் படித்தவள், நீயே சாப்பிடவில்லையே’ என்றார். ஒரு வாரத்தில் வெய் ஷிஃபுவுக்கு மணிமங்கலம் பக்கம் தனி வீடு பார்த்துவிட்டார்கள். ஓய்வு வேண்டுமாம். லைன் முடிந்ததும் ஊருக்கு டிக்கெட் என்றும் பேச்சு. அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அழுகை வரவில்லை. ஷிஃப்ட்டுக்குப் போனேன், மொழிபெயர்த்தேன், ஹாஸ்டலுக்கு வந்து துணி துவைத்தேன்.

உறுதிசெய்ய அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கும் நான்தான் கூட்டிப்போனேன். வேறு யாருக்கு இரண்டு மொழியும் தெரியும்? முடிவு மாறவில்லை. கவுன்சலர் அக்கா இந்தப் பக்கத்துக்காரர். சீனரைப் பார்த்து ஒரு நொடிகூடத் தயங்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசைமேல் இருந்த அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். தினம் மாத்திரை போட்டால் வேலை செய்யலாம், நீண்ட நாள் வாழலாம், மகள் கல்யாணத்தில் ஓடியாடலாம் என்றார். எல்லாவற்றையும் சீனத்தில் சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு அக்கா படிவத்தை எடுத்தார்.

“மாத்திர ஆரம்பிச்சா கூடவே யார்னா ஒருத்தர் இருக்கணும்மா. போட்டாரா, தூங்கினாரான்னு கேக்கறதுக்கு. இவருக்கு இங்க யார் கீறாங்க? கேட்டுச் சொல்லு.”

கேட்டேன். வெய் ஷிஃபு என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம். நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு இரண்டு மொழி தெரியும். அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தப் படிவத்தில் பெயரும் போன் நம்பரும் எழுத வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டு, ‘யாருமில்லை என்று சொல், சின்னப் பெண்ணே’ என்றார்.

“யாருமில்லன்னு சொல்லுதாரு” என்றேன்.

அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். என் மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை.